எண்ணூற்று எழுபது கிலோமீட்டர்

எண்ணூற்று எழுபது கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம், ஒரு தூக்கம் போட்டால் மால்டா வந்துவிடும் என்று சொல்லி என்னை ஏதென்ஸ் விமான நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனான் என் மகன் சமதர்மன். தூக்கமாம். கப்பல் முதலாளிகளிடம் வேலை பார்க்கிறவன், அவனுக்கு எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வரும். ஆபீசில் அவனை எல்லோரும் சாம் என்கிறார்கள். நான் வைத்த பெயரை நறுக்கி ஓரமாக எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறான். காரை விட்டு இறங்கும்போது, அப்பா, அங்க மணி, என்று என்னவோ ஆரம்பித்தான். மணி பாக்க எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம் என்று கதவைச் சாத்தினேன். நாலு மணிக்கு அங்கே ஆறுக்குட்டிக்கு ஆபரேஷன். ஒன்று இருபத்தைந்துக்கு விமானம். போதும், எனக்குக் கணக்குத் தெரியும். ஆனால் ஒன்று இருபத்தைந்துக்கு அது நகரவில்லை. பெட்டி ஏற்றுகிற தொழிலாளிகள் ஒரு மணி நேரம் வேலை நிறுத்தம் செய்தார்கள். முன்னால் இருந்தவன் தலையில் அடித்துக்கொண்டான், பின்னால் ஒருத்தி குழந்தையைக் கிள்ளி அழவிட்டுத் தானும் அழுதாள். நான் ஒருவன்தான் கை தட்டினேன். சன்னல் வழியே பார்த்தேன், ஒன்பது பேர், மஞ்சள் சட்டை, வண்டிகளின் மேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு. கோஷம் இல்லை, கொடி இல்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் சிகரெட்டை அணைத்துவிட்டு எழுந்து பெட்டியைத் தூக்கினார்கள். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. இரண்டு இருபத்தைந்துக்கு நகர்ந்தது. ஒன்றே முக்காலைக் கூட்டினால் நாலு பத்து. ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருபது நிமிஷம். அதற்குள் ஆறுக்குட்டிக்கு மயக்க ஊசி போட்டு நெஞ்சைத் திறந்திருப்பார்கள். நான் தாமதம் செய்யவில்லை. தொழிலாளி வர்க்கம் செய்தது. அதற்கு எதிராக நான் எப்படிப் பேச முடியும்.

ஆறுக்குட்டி என் மச்சான். என் மனைவி நாச்சம்மாளின் அண்ணன். மில்லில் நானும் அவனும் ஒரே ஷிப்ட், ஒரே சங்கம், என் கல்யாணமே அப்படி வந்ததுதான். நாற்பத்தொரு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை. அவன் மகள் தமயந்தி நர்சாகி எங்கெங்கோ சுற்றி மால்டாவில் வந்து ஒட்டிக்கொண்டு, அவன் பொண்டாட்டி செத்த பிறகு அப்பனையும் கூட்டி வைத்துக்கொண்டாள். நான் மகன் வீட்டுக்கு ஏதென்ஸ் வந்திருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை, ஊர்க்காரர்களுக்கு வேறு வேலை என்ன. திங்கட்கிழமை போன் செய்தாள். மாமா, நான் தமயந்தி பேசறேனுங். எந்தத் தமயந்தி என்றேன், தெரிந்தும். கருங்காலி மகளுங் மாமா, என்றாள். சிரிக்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை, ஊசி எங்கே போடட்டும் என்று கேட்கிற மாதிரிச் சொன்னாள். அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேஷனுங். எம்பது வயசு. பொழைக்கறது பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்றாருங். வியாழக்கெழமை நாலு மணிக்கு. அதுக்கு முன்னால உங்களப் பாக்கோணும்ங்கறாரு. ஒண்ணே ஒண்ணு உங்க வாயால சொல்லோணுமாம், என்னையும் பக்கத்துல வெச்சுட்டு. என்ன சொல்லோணும் என்று கேட்டேன். அது மாமாவுக்குத் தெரியும்னு சொன்னாருங், என்றாள். எனக்குத் தெரியும். மூன்று சொல். நான்தான் அவனை அனுப்பினேன். அவ்வளவுதான். துண்டுப்பிரசுரத் தலைப்புக்குக்கூடப் போதாது, நான் நாலு சொல்லுக்குக் குறைந்து தலைப்பு வைத்ததில்லை.

மேலே இருந்து ஒரு சின்னத் திரை மடங்கி இறங்குகிறது. அதில் ஒரு கடல், ஒரு வெள்ளைக் கோடு, கோட்டின் நுனியில் கொசு மாதிரி விமானம். இன்னும் எழுநூற்று இருபது கிலோமீட்டர். என் கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தைந்து. அந்தத் திரையின் கீழே போய்ச் சேரும் நேரம் என்று ஒன்று போட்டிருக்கிறது, 3.02. எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் எழுநூறு கிலோமீட்டரை ஏழு நிமிஷத்தில் பறப்பானாம். லேட் ஆனதை மறைக்கிறான். சரியாக ஒரு மணி நேரத்தைத் தின்றிருக்கிறான். முதலாளியின் கடிகாரம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். எங்கள் மில்லில் சங்கு காலையில் மூன்று நிமிஷம் முந்தி ஊதும், சாயங்காலம் நாலு நிமிஷம் பிந்தி ஊதும். அதற்கும் மேல் ஷிப்டுக்கு அரை மணி முன்னால் வந்து மிஷின் துடைக்க வேண்டும், ஷிப்ட் முடிந்து அரை மணி பஞ்சு கூட்ட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் எந்தப் பேரேட்டிலும் கிடையாது. சங்கத்தில் முதல் விதியே இதுதான், மில் சங்கைக் கேட்டு எவனும் கடிகாரத்தைத் திருப்பக் கூடாது. சங்க ஆபீசில் ஒரு ரேடியோ இருந்தது, காலைச் செய்திக்கு முன்னால் பீப் பீப் என்று அடிக்கும்போது ஆளாளுக்குக் கையைத் தூக்கிக் கடிகாரத்தை வைத்துக்கொள்வோம், கடிகாரம் இல்லாதவனும் சும்மா நின்று கேட்பான். சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும். கேட்டில் ஆறுக்குட்டி முதல் ஆளாகக் கையை உயர்த்திக் காட்டுவான், இன்னும் மூணு நிமிசம் இருக்குதுங் மேஸ்திரி, எதுக்கு இப்படிப் பறக்கறீங்க, பொண்டாட்டி தொரத்தறாளா, என்பான். வரிசையே சிரிக்கும். எனக்கு அப்படிப் பேச வராது. எனக்கு எழுதத்தான் வரும். ஆறாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை, நான் படித்ததெல்லாம் இருபது பக்கப் புத்தகங்கள், பொதுக்கூட்டத்தில் தரையில் விரித்து விற்பது. அதிலேயே உலகம் முழுக்க எனக்குப் புரிந்துவிட்டது. நோட்டீஸ் சென்னியப்பன் என்றால் ஏழு மில்லுக்குத் தெரியும். எண்பத்து மூன்றில் நான் சங்கச் செயலாளர், அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வேலை நிறுத்தம். தொண்ணூற்று நாலு நாள்.

அறுநூறுக்குக் கீழே வந்துவிட்டது. கீழே வெறும் நீலம், ஒரு கப்பல்கூட இல்லை, சமதர்மனின் முதலாளிகள் எங்கே போனார்கள். பக்கத்து இருக்கைக்காரர் என் வயதுதான் இருப்பார், காதெல்லாம் மயிர், மடியில் ஒரு இனிப்புப் பெட்டி, அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். பசிதான், இருந்தாலும் எவன் நீட்டியதையும் உடனே வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. வேலை நிறுத்தத்தின் எண்பதாவது நாள் கஞ்சித் தொட்டியை மூடிவிட்டோம். எண்பத்தெட்டாவது நாள் ரிங் பிரேமில் நூல் நூற்கிற ஆட்கள் பதினோரு பேர் தலையைக் குனிந்துகொண்டு மில்லுக்குள் போனார்கள். தோற்கப் போகிறோம் என்று எனக்கு மட்டும் தெரியும், மேடையில் வேறு சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் ஆறுக்குட்டியைத் தனியாகக் கூப்பிட்டேன். மச்சா, மேனேஜர் பங்களாவுக்குப் போயிட்டு வா. அரை மணி நேரமாச்சும் விட்டுத் தருவானான்னு கேளு. யாருக்கும் தெரியக் கூடாது. அவன் என்னையே பார்த்தான். ஏ மாப்ள, மாட்டுனா? மாட்டமாட்டே, என்றேன். மாட்டுனா நீ சொல்லோணும், நீதான் அனுப்புனேன்னு, என்றான். அட சொல்றேன் போடா. அவன் போனான். மேனேஜர் அவனை உட்கார வைத்து டீ கொடுத்தான். வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்திருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். மேனேஜர் ஒன்றும் விட்டுத் தரவில்லை. தொண்ணூற்று நாலாம் நாள் எல்லோரும் திரும்பிப் போனோம், அதே சங்கு, அதே மணி, அந்த அரை மணியும் இந்த அரை மணியும் அப்படியே. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. இரண்டாயிரம் பேர். யாரோ ஒருத்தன் எங்களை விற்றிருக்க வேண்டும், இல்லையென்றால் நான் தோற்றேன் என்று ஆகும். நான் தோற்றால் சங்கம் போய்விடும். சங்கம் போனால் இந்த இரண்டாயிரம் பேர் வெறும் கைகள். இதை நான் எனக்காகச் சொல்லவில்லை, அன்றும் சரி, இன்றும் சரி. அச்சாபீசில் நின்றபடியே எழுதினேன். நாம் கஞ்சிக்குத் தட்டேந்தி நின்றபோது பங்களாவில் டீ குடித்தவன் யார்? எழுதி முடித்ததும் உடம்பு சிலிர்த்தது, இப்போதும் சிலிர்க்கிறது, பாருங்கள், கை மயிர் நிற்கிறது. நான் எழுதியதிலேயே சிறந்த வரி அது. அந்த நோட்டீஸில் ஒரு பொய் கிடையாது. போனான், உட்கார்ந்தான், டீ குடித்தான். ஒன்றைத்தான் எழுதவில்லை. ஒன்றை விடாமல் எழுதினால் அது நோட்டீஸ் இல்லை.

ஆறுக்குட்டிக்குக் கருங்காலி என்று பெயர் வைத்துச் செருப்பு மாலை போட்டார்கள். நான் போடவில்லை, போட்டவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியும். மில் வாசலில் அவனை நிறுத்தி, முகத்தில் கரியைப் பூசி, கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கல்லால் நசுக்கினார்கள். அப்போது அவன் என்னைப் பார்த்தான். நான் மூன்று ஆள் தள்ளி நின்றேன். சொல்லுவான், இப்போது சொல்லுவான் என்று அவன் வாயையே பார்த்தேன். அவன் சொல்லவில்லை. ஒரு தடவை வாயைத் திறந்தான், கரி உள்ளே போயிற்றோ என்னவோ, மூடிக்கொண்டான். அவன் ஏன் சொல்லவில்லை என்று நாற்பத்தொரு வருஷமாக யோசித்து, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து இடறி நின்றுவிடுகிறேன். சொன்னால் சங்கம் உடையும் என்று நினைத்தானா? அப்படியென்றால் அவன் என்னைவிடப் பெரியவன் ஆகிறான், அதை நான் ஒத்துக்கொள்ள முடியாது. பயந்தான் என்றே வைத்துக்கொண்டேன். அவன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சாணியைக் கரைத்தார்கள். தமயந்திக்கு ஏழு வயது, பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் உட்காரவில்லை என்று நாச்சம்மாள் வந்து சொன்னாள். வர்க்கப் போராட்டத்தில் பெஞ்சு ஒரு பெரிய விஷயமா என்றேன். அவள் மாமியார் இல்லாத வீட்டுக்கு வந்தவள், என் பேச்சுத்தான் அவளுக்கு எல்லாம். உன் அண்ணன் முகத்தில் முழித்தால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்றேன், ஏறவில்லை, அதாவது அங்கே போகவில்லை. அவள் அம்மா செத்தபோது ஆறுக்குட்டி கொள்ளி வைக்கிறான் என்பதால் போகவில்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சமதர்மன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏன் சாம் ஆனான் என்று யாராவது கேட்டால் அந்த அடுப்படியைச் சொல்லலாம். நான் அன்றைக்குச் சங்க வேலையாக வெளியே போனேன். நாலு வருஷம் முன்னால் அவளும் போய்ச் சேர்ந்தாள், கர்ப்பப்பையில் புற்று. கடைசியில் ஒரு பிற்பகல், கண்ணைத் திறக்காமலே கேட்டாள். ஏனுங், அண்ணன் நெசமாலுமே போனாங்களா? போனான், என்றேன். பொய் இல்லை. போனான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், ஒரு வாக்கியம் பாக்கி இருப்பது தெரிந்தவள் மாதிரி. பிறகு தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

இருநூறு கிலோமீட்டர். என் கடிகாரத்தில் மூன்று நாற்பது. மேலிருந்து ஆங்கிலத்தில் எவனோ பேசுகிறான், உள்ளூர் நேரம், கடிகாரம், நன்றி. பக்கத்துக் கிழவர் உடனே தன் கடிகாரத்தின் திருகைப் பிடித்து இழுத்து முள்ளைப் பின்னால் சுற்றுகிறார், எவ்வளவு கீழ்ப்படிதல். என் மணிக்கட்டைக் காட்டி ஒரு விரலை ஆட்டுகிறார், ஒன்று, ஒன்று, என்று. நான் கையை இழுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீர் வரை மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரே மணி. துவாரகையிலும் அசாமிலும் ஒரே மணி. கோயமுத்தூரில் இருந்து பம்பாய் போகிற தூரம்கூட இல்லாத இடத்தில் மணி எப்படி மாறும்? ரயிலில் நான் அந்தத் தூரம் நூறு தடவை போயிருக்கிறேன், ஒரு தடவையும் முள் நகர்ந்ததில்லை. இந்தக் கடிகாரத்தை ஏதென்ஸ் வந்த அன்று, மகன் வீட்டுச் சமையலறையில், நானே என் கையால் வைத்தேன். அது போதும். விமானம் கீழே இறங்குகிறது, காது அடைக்கிறது. கூடவே ஒரு பயமும் வருகிறது, இப்போது போய் ஆபரேஷன் அரை மணி தள்ளிப் போயிருந்தால்? டாக்டருக்குத் தலைவலி வந்திருந்தால்? மச்சான் இன்னும் விழித்துக்கொண்டிருந்தால்? என்ன சொல்வேன் என்று சொல்லிப் பார்க்கிறேன். நான்தான் அனுப்பினேன். வாய் அந்த இடத்தில் திரும்ப மறுக்கிறது. சங்கம்தான் அனுப்பியது. இது வருகிறது. காலம் அப்படி. இது இன்னும் சுலபமாக வருகிறது. அவளைத் தண்ணீர் கொண்டு வரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு அவன் காதில் மட்டும் சொல்லலாம், பாதி மயக்கத்தில் அவன் கேட்டானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கீழே மஞ்சள் கல், மஞ்சள் வீடு, காய்ந்த கட்டங்கள், சுட்டுப் போட்ட அப்பளம் மாதிரி ஒரு தீவு. சக்கரம் தரையில் மோதியபோது நாலு மணி, இரண்டு நிமிஷம். முடிந்தது. உள்ளே கொண்டு போயிருப்பார்கள். என் தோள் இரண்டும் தாமாக இறங்கின. நான் வந்தேன், கிழவன், எழுபத்தேழு வயது, கடலைத் தாண்டி வந்தேன், இரண்டு நிமிஷத்தில் தவறிவிட்டது, யார் என்னைக் கேட்க முடியும். அவன் செத்தால் செத்தவனிடம் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிழைத்தால் அப்போது பார்க்கலாம், பிழைக்க மாட்டான். இதை நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை. கிழவரிடம் திரும்பி, இப்போது ஒரு இனிப்புக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். கொடுத்தார். நெய்யும் பாதாமுமாக நன்றாக இருந்தது.

வெளியே கம்பிக்கு அந்தப் பக்கம் தமயந்தி நின்றாள். நாற்பத்தெட்டு வயது, காதோரம் நரை, அப்பனின் தாடை, சீருடை. ஏழு வயதில் பார்த்தது, இருந்தாலும் தெரிந்தது. வாங்க மாமா, என்று பையை வாங்கினாள். விமானத்தில் கோத்து வைத்திருந்ததை அப்படியே சொன்னேன், முகத்தையும் அதற்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டு. என்ன கண்ணு பண்றது, நாலு மணி தாண்டிப் போச்சு. ஸ்ட்ரைக்குல மாட்டிட்டேன். உள்ள கூட்டிட்டுப் போயிருப்பாங்க. எனக்குக் குடுத்து வெக்கல. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். நாடி பார்க்கிறவள் மாதிரி மணிக்கட்டைப் பிடித்துச் சட்டைக்குள்ளிருந்து வெளியே இழுத்தாள். மாமா, இது ஏதென்ஸ் மணிங். இங்க ஒரு மணி நேரம் கம்மி. இப்பத்தான் மூணு இருவது ஆகுது. கார்ல இருவது நிமிசம். அப்பா முழிச்சுட்டுத்தான் இருக்காரு, நீங்க வர்ற வரைக்கும் எந்த ஊசியும் போட வேண்டாம்னு சொல்லிட்டாரு. ஆளுங்ககிட்டக் கெஞ்சி மெத்தையச் சாய்ச்சு ஒக்கார்ந்திருக்காரு, வாசலையே பாத்துட்டு. சொல்லிக்கொண்டே கடிகாரத்தின் திருகை நகத்தால் இழுத்து முள்ளைப் பின்னால் சுற்றினாள். நாலு, மூன்றே முக்கால், மூன்றரை. யாரையும் தொடவிடாத கடிகாரம். நான் கையை இழுக்கவில்லை, இழுக்க வேண்டும் என்று நினைத்தேன், அது அவள் கையிலேயே கிடந்தது. ஒரு மணி நேரம். தொண்ணூற்று நாலு நாள் இரண்டாயிரம் பேர் பட்டினி கிடந்து கேட்டு முதலாளி தராத ஒரு மணி நேரம். வாயெல்லாம் அந்த இனிப்பு ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் தண்ணி வேணும் கண்ணு, என்றேன், கடை அந்தக் கோடியில் இருந்தது, போய் வர ஐந்து நிமிஷம் ஆகும், வரிசை வேறு நின்றது. அவள் தோள்பையைத் திறந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, என் கையில் கொடுத்தாள். குடிங்க மாமா, இன்னொண்ணும் கார்ல வெச்சிருக்கேன், என்றாள். அங்க போனதுக்கப்பறம் நான் எதுக்கும் வெளிய போக மாட்டேனுங்.